மனச்சோர்வும் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநலப் பிரிவிலிருந்து அனுப்பி வைக்கப்படுகிறவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. வருகிறவர்களும் கூட வரும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை பதினைந்து, இருபது கேள்விக்குள் அடங்கிவிடும். வாய்வார்த்தையாகச் சொன்னது பஸ் ஏறுவதற்குள் மறந்துவிடுகிறது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டே வரி. உங்களுக்குத் தேவையானதை மட்டும் படித்தால் போதும்.

மனச்சோர்வு, மன அழுத்தம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பேச்சில் கலந்துதான் சொல்கிறோம். 'டிப்ரஷன்' என்பதையே பாதிப் பேர் மன அழுத்தம் என்கிறார்கள். கல்யாணச் செலவு, மாதக் கடைசி, பரீட்சை என்று ஏதோ ஒன்று நெருக்கும்போது வருவது மன அழுத்தம். நெருக்கடி விலகினால் அதுவும் தணியும். மனச்சோர்வு ஒரு நோய். இரண்டு வாரத்துக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கும், அல்லது எதிலுமே பிடிப்பு இருக்காது. கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் எல்லாம் கெடும்.

பசி குறைவதும் சரி, அளவுக்கு மீறிக் கூடுவதும் சரி, நோயின் அறிகுறிப் பட்டியலிலேயே இருக்கின்றன. "சரியா சாப்பிடாததாலதான் இப்படி ஆயிட்டா" என்று அம்மாக்கள் சொல்லும்போது பாதி நேரம் அது தலைகீழ். இப்படி ஆனதால்தான் அந்தப் பெண் சாப்பிடவில்லை.

சாப்பாட்டை மாற்றினால் மாத்திரை இல்லாமலே சரியாகிவிடுமா?

அப்படி நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் மாதத்துக்கு ஓரிருவராவது உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உணவு சிகிச்சைக்குத் துணை. எவ்வளவு பெரிய துணை என்பதற்கு ஓரளவு கணக்கு இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்ற ஆய்வாளரின் குழு நடத்திய 'ஸ்மைல்ஸ்' ஆய்வு 2017-இல் வெளியானது. நடுத்தரம் முதல் கடுமை வரை மனச்சோர்வு இருந்த, சாப்பாட்டுப் பழக்கமும் மோசமாக இருந்த 67 பேர் அதில் சேர்ந்தார்கள். 33 பேருக்கு 12 வாரத்தில் 7 முறை உணவு ஆலோசனை. மீதி 34 பேருக்கு அதே அளவு நேரம் ஆள் துணை: உட்கார்ந்து பேசுவது, சீட்டு விளையாடுவது போல. முடிவில், உணவுக் குழுவில் கடைசிவரை இருந்தவர்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கு நோய் தணிந்திருந்தது. பேச்சுத் துணைக் குழுவில் 8 சதவீதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். ஒன்று, அந்த 67 பேரில் 55 பேர் ஏற்கெனவே மாத்திரையோ பேச்சு சிகிச்சையோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். உணவு அதன் மேல் வந்து சேர்ந்தது. இரண்டு, இது சின்ன ஆய்வு. யாருக்கு என்ன கிடைத்தது என்பதை மறைக்கவும் வழியில்லை, தட்டில் என்ன இருக்கிறது என்று தின்கிறவருக்குத் தெரியாதா? இருந்தாலும் எனக்கு அதில் பிடித்த ஒன்று உண்டு. யாரையும் எடை குறைக்கச் சொல்லவில்லை, எடை குறையவும் இல்லை. மனம் மட்டும் தேறியது. 'முதலில் உடம்பைக் குறை, மனசு தானா சரியாகும்' என்று சொல்கிற சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அவர்கள் ஆலிவ் எண்ணெயும் சால்மனும் சாப்பிட்டிருப்பார்கள். எங்களுக்கு அது ஆகுமா?

நியாயமான கேள்வி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஓட்ஸ், புரோக்கோலி, வால்நட் என்று அச்சடித்த தாளைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மா அதை நான்காக மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்தார். மூன்று வாரம் கழித்து வந்தபோது, "பத்திரமா வச்சிருக்கேம்மா" என்று அதே மடிப்போடு எடுத்துக் காட்டினார். தாள் கசங்கக்கூட இல்லை. "இந்த புரோக்கோலினா என்னம்மா, காலிபிளவரா?" அன்றைக்குத் தாளைத் தூக்கிப் போட்டேன்.

அந்த ஆய்வின் உணவை மத்தியதரைக்கடல் பாணி என்பார்கள். பெயரை விட்டுவிட்டுச் சரக்கைப் பாருங்கள்: தீட்டாத தானியம், பருப்பு, பயறு, காய், பழம், கீரை, கொட்டைகள், மீன், முட்டை, பால், தயிர். குறைக்கச் சொன்னவை இனிப்பு, மைதா, பொரித்தது, பாக்கெட்டில் வருவது, சர்க்கரைப் பானம். இதில் நம் மளிகைக்கடையில் கிடைக்காதது எது? சால்மனுக்குப் பதில் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி. ஊருக்கு ஊர் சாளை, அயிலை என்று பெயர் மாறும். ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருப்பது இந்தச் சின்ன மீன்களில்தான். வஞ்சிரம் வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. வால்நட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. ஆலிவ் எண்ணெய் இருந்த இடத்தில் நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ அளவாக.

நம் தட்டில் உண்மையான குறை வேறு. சோறு மலையாகவும் குழம்பு ஓடையாகவும் காய் ஓரத்தில் இரண்டு கரண்டியாகவும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது. அதில் கிழங்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உருளைக்கிழங்கு வறுவல் காய் ஆகாது. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பொரியலையும் கூட்டையும் இரண்டு கரண்டி கூட்டி, வாரம் மூன்று நாள் கீரை, மாலையில் சுண்டல் என்று வைத்தால் அந்த ஆஸ்திரேலியத் தட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

எனக்குப் பசியே எடுப்பதில்லை. தட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது. என்ன செய்ய?

மேலே சொன்ன 400 கிராமை எல்லாம் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சத்து, சமநிலை, வானவில் நிறக் காய்கறி எல்லாம் பிறகு. நோய் உச்சத்தில் இருக்கும்போது ஒரே இலக்குதான்: மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எதையாவது உள்ளே அனுப்புவது.

பசி வந்தால் சாப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்த நோயில் பசியை நம்ப முடியாது. கடிகாரத்தை நம்புங்கள். காலை எட்டு, பதினொன்று, மதியம் ஒன்றரை, நான்கரை, இரவு எட்டு. மாத்திரை போடுவது போலத்தான். விருப்பு வெறுப்பு பார்ப்பதில்லை அல்லவா?

அளவு சின்னதாக இருக்கட்டும். பெரிய எவர்சில்வர் தட்டில் கொட்டி வைத்தால் பார்த்த மாத்திரத்தில் மனம் தளரும். டபராவிலோ கிண்ணத்திலோ வையுங்கள். மென்று விழுங்குவது பாரமாக இருந்தால் குடிக்கிற மாதிரி: சத்துமாவுக் கஞ்சி, மோர் கலந்த கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணீரில் கரைத்த சாதம், பாலில் மசித்த வாழைப்பழம். தாளித்த வாசனை குமட்டினால் ஆறிய தயிர் சாதம் இறங்கும். அதையே பத்து நாள் தொடர்ந்து சாப்பிட்டாலும் குடி முழுகாது.

ஒரு எச்சரிக்கை. ஒரு வாரம், பத்து நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தவருக்குத் திடீரென்று குளுக்கோஸும் பிரியாணியுமாகக் கொடுப்பது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சரிந்து இதயத்தையே பாதிக்கலாம். அந்த நிலையில் இருப்பவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அங்கே மெல்ல மெல்லத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எழுந்து அடுப்பு பற்ற வைக்கவே முடியவில்லை. தனியாக வேறு இருக்கிறேன்.

சமைக்காமலே சாப்பிடக்கூடிய ஐந்து பொருளை வாங்கி, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பொட்டுக்கடலை, வேர்க்கடலை அல்லது கடலை மிட்டாய், வாழைப்பழம், தயிர், அவல். அவலை அலசி ஐந்து நிமிடம் வைத்துத் தயிர் ஊற்றினால் ஒரு வேளை கழிந்தது. பருப்புப் பொடி ஒரு டப்பா இருந்தால், கடையில் சோறு மட்டும் வாங்கி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுப் பிசைந்துகொள்ளலாம். கொஞ்சம் தெம்பு உள்ள நாளில் நான்கு முட்டை அவித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். இரண்டைத் தின்றால் அந்த வேளைக்கு அது போதும்.

கடையில் வாங்கிச் சாப்பிடுவதில் குற்றவுணர்வு வேண்டாம். மெஸ் சாப்பாடு, பக்கத்து வீட்டு இட்லி எதுவானாலும் சரி. சென்னையில் 2013-இல் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய்க்கு வந்தது. அன்று வரிசையில் நின்றவர்களில் சமைக்க வசதி இல்லாதவர்கள் மட்டுமா இருந்தார்கள்? சமைக்க மனம் வராதவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

தேறிவரும் காலத்தில் சமையலே மருந்தாகவும் ஆகும். வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது போன்ற சின்ன வேலைகள் கைக்கும் மனசுக்கும் ஒரு பிடி கொடுக்கும். ஆனால் அது தேறிவரும் காலத்தில். படுக்கையில் கிடப்பவரிடம் போய் "எந்திரிச்சு சமைச்சா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள்.

எனக்கு நேர்மாறு. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம் என்று ஓய்வதில்லை.

இதுவும் அதே நோயின் இன்னொரு முகம். பெரும்பாலும் பகலெல்லாம் டீயில் ஓட்டிவிட்டு, இரவில் உடம்பு கடனை வட்டியோடு வசூலிக்கும். இரவு நொறுக்கைத் தடுக்க வேண்டுமானால் காலைச் சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். மூன்று இட்லியோடு சாம்பாரை ஒரு கிண்ணம் கூட்டுங்கள், அல்லது ஒரு முட்டை. மதியம் பருப்பும் காயும். இரவு தின்னும் வேகம் ஒரு வாரத்தில் கொஞ்சம் மட்டுப்படும்.

"என்னால கட்டுப்படுத்த முடியலையே" என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுநாள் பட்டினி கிடப்பதுதான் இதில் ஆகக் கெட்ட பகுதி. பட்டினி அன்றைய இரவை இன்னும் மோசமாக்கும். தின்றபின் வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். கொடுக்கும் மாத்திரையையே அவர் மாற்ற வேண்டி வரலாம்.

வாழைப்பழம், சாக்லேட் சாப்பிட்டால் செரடோனின் கூடுமாமே?

வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வருகிறது. செரடோனின் என்பது மனநிலையோடு தொடர்புள்ள ஒரு ரசாயனம். வாழைப்பழத்தில் செரடோனின் இருக்கிறது, ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது. நம் உடம்பின் செரடோனினில் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது. அதுவும் மூளைக்குள் நுழையாது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்ளும். அது பால், முட்டை, எள், பருப்பு எல்லாவற்றிலும் உண்டு. வாழைப்பழம் நல்ல பழம், மலிவானது, உரிக்க எளிது. அந்தக் காரணங்களுக்காகச் சாப்பிடுங்கள்.

பி12, வைட்டமின் டி, இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போடலாமா?

சோதனை செய்யாமல் வேண்டாம். சோதனை செய்யாமல் விடவும் வேண்டாம்.

சோகை, பி12 குறைவு, தைராய்டு குறைவு மூன்றுமே மனச்சோர்வு போலவே வேஷம் போடும்: அசதி, எரிச்சல், மறதி, எதிலும் நாட்டமின்மை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் சோகை. ஆகவே ஒரு பெண் "எந்நேரமும் படுத்துக்கணும் போல இருக்கு" என்று வந்தால், மனநல மருத்துவரும் முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்வார். வேண்டாத செலவென்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பி12 விலங்குவழி உணவில்தான் இருக்கிறது: முட்டை, மீன், கறி, பால், தயிர். சைவக்காரர்கள் பாலும் தயிரும் குறைத்தால் சில வருடத்தில் இருப்பு கரைந்துவிடும். கால் மரத்துப்போவது, நாக்கு எரிச்சல் கூட வரும். இன்னும் இரண்டு கூட்டத்தார் இதில் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்காகப் போடுகிறவர்கள் ஒருவர். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் 'கேஸ் மாத்திரை' போடாமல் இருக்க முடியாதவர்கள் இன்னொருவர். இரண்டுமே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பி12 குறைவைக் கண்டுபிடிக்காமல் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் போட்டால், ரத்த அணுக்கள் சரியானது போலத் தெரியும். உள்ளே நரம்புச் சேதம் தொடரும்.

குறைவு இருந்தால் மாத்திரையும் ஊசியும் பலன் தரும். குறைவில்லாதவருக்கு? அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 18,353 பேருக்குச் சுமார் 5 வருடம் வைட்டமின் டி, அல்லது அதே போன்ற வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு வருவதில் வித்தியாசமே இல்லை. ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் 1,025 பேருக்கு ஒமேகா-3, செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி எல்லாம் சேர்த்து ஒரு வருடம் கொடுத்த ஆய்வும் 2019-இல் கைவிரித்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மல்டிவைட்டமின் வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது, அந்தக் காசுக்குப் பழமும் மீனும் வாங்குங்கள் என்பதுதான்.

காபி, டீ?

இரும்பு மாத்திரையும் டீயும் பகை. இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். அதற்குப் பதில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ இரும்பை ஏற்க உதவும்.

மற்றபடி காலையில் ஒரு ஃபில்டர் காபியை நான் யாரிடமும் பிடுங்குவதில்லை. படுக்கையை விட்டு எழ அதுதான் ஒரே காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் சுற்றும். தூக்கம் கெட்டவர்கள் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு வேண்டாம். படபடப்பு அதிகம் உள்ளவர்கள் அளவையே பாதியாக்குங்கள். ஃப்ளுவாக்சமின் என்ற மாத்திரை எடுக்கிறவர்களுக்குக் காஃபீன் உடம்பை விட்டு வெளியேற ரொம்ப நேரம் ஆகும். ஒரு காபியே நாலு காபி போல அடிக்கும். இன்னொன்று சர்க்கரை. கடை டீ ஐந்து குடித்தால், டீயிலேயே பத்து ஸ்பூன் சர்க்கரை போய்விடும்.

ராத்திரி ரெண்டு பெக் போட்டால்தான் தூக்கம் வருகிறது.

தூக்கம் வரும், மூன்று மணிக்கு விழிப்பும் வரும். அந்த மூன்று மணி விழிப்பில் தோன்றும் எண்ணங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும். குடி மனச்சோர்வை ஆழப்படுத்துகிறது, மாத்திரையின் வேலையைக் கெடுக்கிறது. தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம், அதனால் நிறுத்துவதையும் மருத்துவரிடம் சொல்லிச் செய்யுங்கள்.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து சாப்பாடே மாறிவிட்டது. எதை எதோடு சேர்க்கக் கூடாது?

அதிகம் எழுதித்தரப்படும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், ஃப்ளுவாக்செட்டின் வகையில் முதல் ஓரிரு வாரம் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம். சாப்பிட்ட பின் போடுங்கள். இஞ்சி தட்டிப் போட்ட மோர் கொஞ்சம் உதவும். பெரும்பாலும் தானே அடங்கும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். தொந்தரவு முதலில், பலன் பிறகு என்ற இந்த வரிசையால்தான் பலர் பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள்.

மிர்ட்டசபின் பசியையும் தூக்கத்தையும் கூட்டும். எலும்பும் தோலுமாக வந்தவருக்கு அது வரம். மற்றவர்களுக்கு மாதம் இரண்டு கிலோ ஏறி, 'மாத்திரை உடம்பை ஊத வச்சிருச்சு' என்று ஆகும். நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று உண்டு. அமிட்ரிப்டிலின் எடுத்தால் வாய் வறளும், மலம் இறுகும். தண்ணீர், கீரை, பப்பாளி, கொய்யா.

லித்தியம் எடுக்கிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். லித்தியமும் சோற்றுப்பும் சிறுநீரகத்தில் ஒரே வாசலில் போய்வருபவை. பி.பி.க்காக உப்பைத் திடீரென்று நிறுத்தினாலோ, கத்திரி வெயிலில் வியர்த்துத் தண்ணீர் வற்றினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ உடம்பு லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது விஷ அளவுக்குக் கூடலாம். கை நடுக்கம் அதிகரிப்பது, வாந்தி, நாக்குழறல், தள்ளாட்டம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும்.

பழைய வகை ஒன்று இருக்கிறது, எம்.ஏ.ஓ. (மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி) தடுப்பு மருந்து. 1950-களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட், நோயாளிகளை உற்சாகமாக்கியதைப் பார்த்து அதையே மனச்சோர்வுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அப்படி வந்த வகை இது. பழைய சீஸ் சாப்பிட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் எகிறியதால் இப்போது அதிகம் எழுதுவதில்லை. ஆனால் அதன் தூரத்துச் சொந்தம் ஒன்று இன்றும் புழக்கத்தில் உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் லினசோலிட்தான் அது. மனச்சோர்வு மாத்திரையோடு அது சேர்ந்தால் ஆபத்தாகலாம் என்பதால், காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் இரண்டு மருத்துவரிடமும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள்.

நாட்டு மருந்து, வல்லாரைப் பொடி, இணையத்தில் வாங்கிய மூலிகைக் கேப்சூல் எது எடுத்தாலும் மறைக்காதீர்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மேற்சொன்ன மாத்திரைகளோடு சேர்ந்தால் செரடோனின் அபாய அளவுக்கு எகிறும். கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது குறைத்துவிடும்.

தயிர், பழைய சோறு மனசுக்கு நல்லது என்கிறார்களே?

குடலும் மூளையும் பேசிக்கொள்கின்றன என்பது உறுதி. எந்தக் கிருமியைக் கொடுத்தால் எந்த மனநோய் தீரும் என்ற இடத்துக்கு விஞ்ஞானம் வரவில்லை. தயிர், மோர், பழைய சோறு எல்லாம் உயிருள்ள கிருமிகள் கொண்ட நல்ல சாப்பாடு. இட்லியும் புளித்த மாவுதான், ஆனால் ஆவியில் வெந்ததும் கிருமிகள் செத்துவிடும். அதனால் இட்லியின் மதிப்பு குறையாது. காரணம் மட்டும் வேறு.

பிள்ளை பெற்றவள் அழுதுகொண்டே இருக்கிறாள். பத்தியத்தில் என்ன கொடுக்கலாம்?

முதல் இரண்டு வாரம் வரும் அழுகை பெரும்பாலும் தானே தணியும். அதையும் தாண்டினால், அல்லது குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றால், பத்தியத்தை ஒதுக்கிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

பத்தியத்தில் நல்லதும் உண்டு. பூண்டுக் குழம்பு, கருவாடு, பால்சுறாப் புட்டு, நாட்டுக்கோழி முட்டை எல்லாம் புரதம் நிறைந்தவை. கெட்டது, எதை எதைக் கூடாது என்கிறோமோ அது. "தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும்" என்று தொண்டை நனைய மட்டும் ஊற்றுவது, காய் கூடாது, பழம் குளிர்ச்சி, கீரை மாந்தம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது. ரத்தம் இழந்து, பால் கொடுத்து, இரவெல்லாம் விழித்திருக்கும் உடம்புக்கு வறட்டுச் சோறும் மிளகுப் பொடியும் எப்படிப் போதும்? ஒரு பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். அடுத்த வாரம் வந்து, "முருங்கைக்கீரை குடுத்தேன், ஒண்ணும் ஆகலை" என்றார். அது போதும். பாட்டிகளோடு சண்டை போட்டு ஜெயித்தவர் கிடையாது. ஒரு கீரை, ஒரு செம்புத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத்தான்.

அப்பா தனியாக இருக்கிறார். போனில் "சாப்ட்டேன்"தான் சொல்கிறார்.

"சாப்பிட்டியா?" என்பது நமக்கு வணக்கம் மாதிரி. அதற்கு "சாப்ட்டேன்" என்பதும் மறுவணக்கம்தான், தகவல் இல்லை. "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று கேளுங்கள். பதில் தாமதமானால் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அது டீயும் பன்னும்தான். ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பு என்ற நினைப்பு.

ஊருக்குப் போகும்போது பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறாரா, கைக்கடிகாரம் மணிக்கட்டில் சுழல்கிறதா என்று பாருங்கள். பல்செட் வலிக்கிறதா என்று கேளுங்கள். வயதானவர்கள் காய், கறியை விடுவதற்குப் பாதிக் காரணம் பல். வயதான காலத்தில் மனச்சோர்வு அழுகையாக வராமல் மறதியாகவும் மூட்டுவலியாகவும் "வாய்க்கு எதுவும் பிடிக்கலை" என்பதாகவும் வருவது வழக்கம். மாதச் சாப்பாடு கொண்டுவந்து தர யாரையாவது ஏற்பாடு செய்வது நல்லது. கொண்டுவருகிறவர் ஐந்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவராக இருந்தால் இன்னும் நல்லது.

விரதம் இருக்கலாமா?

நோய் கடுமையாக இருக்கும் மாதங்களில் வேண்டாம். தேறிய பிறகு சஷ்டியோ நோன்போ இருக்க விரும்பினால், மாத்திரை நேரத்தை மாற்றுவது பற்றி முன்கூட்டியே கேளுங்கள். லித்தியம் எடுப்பவர்கள் தண்ணீர் கூடக் குடிக்காத விரதத்தை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால் மற்றவர்கள் என்ன செய்வது?

"என்ன சாப்பிடுற?" என்று கேட்காதீர்கள். தோசையா உப்புமாவா என்று முடிவெடுப்பதே அவருக்கு மலை. இரண்டு கிண்ணத்தில் போட்டு எடுத்துப்போய் ஒன்றை அவர் பக்கத்தில் வைத்து, இன்னொன்றை நீங்கள் சாப்பிடுங்கள். அவர் பாதியில் வைத்துவிட்டால் எடுத்துக்கொண்டு வாருங்கள். "இவ்வளவு செஞ்சு குடுத்தும்..." என்ற வாக்கியம் வேண்டாம். ஒரு கணவர், பேசாமல் மனைவிக்கு முன்னால் மாதுளையை உதிர்த்துக்கொண்டே டி.வி. பார்ப்பாராம். ஐந்தாம் நாள் அந்த அம்மாவின் கை தானாகக் கிண்ணத்துக்குப் போனது என்றார். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எப்போது காத்திருக்கவே கூடாது?

செத்துவிடலாம் என்ற பேச்சு, சாப்பாடு தண்ணீர் இரண்டையும் அடியோடு மறுப்பது, காதில் குரல் கேட்கிறது என்பது, சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம். இவற்றில் எது இருந்தாலும் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனை. வீட்டில் உள்ள பூச்சிமருந்து, மாத்திரைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

சாப்பாட்டை மாற்றினால் எத்தனை நாளில் தெரியும்?

நேரத்துக்குச் சாப்பிட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே தலைசுற்றலும் மாலை எரிச்சலும் குறைந்ததாகப் பலர் சொல்கிறார்கள். மனம் தேறுவது தெரிய மூன்று மாதம் வையுங்கள். தினசரி காலண்டர் தாளைக் கிழித்து எறியாமல், அதன் பின்பக்கம் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எத்தனை வேளை சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்றைய மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க். எழுத முடியாத நாளில் வெறும் தாளை மட்டும் வைத்திருங்கள்; எத்தனை வெறும் தாள் என்பதும் ஒரு கணக்குதான். அடுத்த முறை வரும்போது தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தால், மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் யோசிக்கவும் அது உதவும்.